கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில், ராஜா காலம் என்று நினைத்துவிடாதீர்கள், கம்ப்யூட்டருக்கு வாய் இருந்த காலத்தில், ஜெபராணி என்றொருத்தி போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தாள். கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, ஆல்பத்துக்குத் தயார் செய்வது அவள் வேலை. அந்தக் கம்ப்யூட்டர் நல்ல உழைப்பாளிதான். ஆனால் சரியான தொணதொணப்பு.

"அக்கா, இதுக்கு என்ன பேரு?"

"கல்யாணம்."

"அடுத்ததுக்கு?"

ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் படம். பதில் சொல்லிச் சொல்லி ஜெபராணிக்குத் தொண்டை கட்டிப்போகும். பாவம், வீட்டுக்குப் போனால் பிள்ளைகளோடு பேசக்கூடக் குரல் இருக்காது.

ஒருநாள் கம்ப்யூட்டரே ஒரு வழி சொன்னது. "எனக்கும் வாய் வலிக்குது அக்கா. சொல்ல வேண்டியதை ஒரே தடவையா எழுதிக் குடுங்க. பாதி உங்க பேச்சு, பாதி என் பேச்சு. நான் வரிவரியாப் படிச்சுச் செஞ்சிடுறேன்."

அப்படிப் பிறந்ததுதான் முதல் ஸ்கிரிப்ட். நாலே வரி. படத்தை எடு, 'கல்யாணம்' என்று பெயர் வை, ஃபோல்டர் என்கிற பெட்டியில் போடு, அடுத்ததுக்குப் போ.

"வேலை முடியுற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள். அதுவும் பண்ணிக்கொடுத்தது.

அன்று சாயங்காலம் படங்களைப் பார்க்கக் கல்யாணப் பெண் வருவதாக இருந்தது. அவள் அண்ணன் ராணுவத்தில் இருந்தான். லீவு கிடைக்காமல் தங்கை கல்யாணத்துக்கே வர முடியாமல் போனவன். படத்திலாவது பார்த்துவிட வேண்டும் என்று எல்லையில் காத்துக் கிடந்தான்.

ஜெபராணி ஸ்கிரிப்டை ஓடவிட்டு, நிம்மதியாக டீ குடித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு படம். பந்தல்காரர்கள் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் அல்லவா? பின்னால் வந்த ஒவ்வொரு படமும் முன்னால் இருந்ததை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. கடைசியில் மிஞ்சியது இதுதான்.

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "பாத்துக்கிட்டே இருந்திருக்கியே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பேசக் கூடாதுன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க" என்றது கம்ப்யூட்டர். அதன் குரலும் உடைந்துபோயிருந்தது. அது வாய்விட்டுப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அதற்குள் முதலாளி ஞானசிகாமணி அண்ணாச்சி கேமராவோடு வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். சடங்கு வீட்டுக்குப் போகிறார். கல்யாணப் படங்களின் அசல் அந்தக் கேமராவில்தான் இன்னும் இருந்தது; போனதும் அதை அழித்துவிட்டுத்தான் புதுசாக எடுப்பார். ஜெபராணி செருப்புகூடப் போடாமல் ஓடி வண்டியை மறித்தாள்.

"அண்ணாச்சி, எதையும் அழிச்சிராதீங்க. தப்புப் பண்ணிட்டேன்."

அண்ணாச்சி கேமராவிலிருந்து படங்கள் பதிந்திருந்த மெமரி கார்டைக் கழற்றி அவள் கையில் வைத்தார். "முதல்ல காப்பி எடுத்து வை பிள்ள. அழுகையெல்லாம் அப்புறம்" என்று சொல்லிவிட்டு, வேறு கார்டு தேட உள்ளே போனார்.

காப்பி எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெயரோடு ஒரு எண்ணும் சேர்ந்து, அது படத்துக்குப் படம் மாறும்படி வரியைத் திருத்தினாள். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒரு வரி சேர்த்தாள்: "எதையும் தொடாதே. என்ன செய்யப்போகிறாய் என்று முதலில் காட்டு."

கம்ப்யூட்டர் பேசவில்லை. திரையில் எழுதிக் காட்டியது. கல்யாணம் ஒன்று, கல்யாணம் இரண்டு என்று ஓடி ஆயிரத்தில் போய் நின்றது. அவள் அத்தனையையும் பார்த்துவிட்டு, "சரி, செய்" என்றாள். அடுப்பில் வைத்த பால் பொங்கும் நேரம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது.

"உன் சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கோ. இனிமே பேசலாம்" என்றாள் ஜெபராணி.

'வேண்டாம் அக்கா, எழுதிக் காட்டுறதே சுகமா இருக்கு' என்று திரையில் வந்தது.

சாயங்காலம் கல்யாணப் பெண் வந்தாள். தாலி கட்டும் படத்தை அங்கிருந்தபடியே அண்ணனுக்கு அனுப்பினாள். 'பாத்துட்டேன் பாப்பா' என்று அவனிடமிருந்து பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு அவள் அழுதாள், கூடவே ஜெபராணியும் அழுதாள்.

அன்று முதல்தான் கம்ப்யூட்டர் வாய் பேசாமல் திரையில் எழுதிக் காட்டுகிறது. ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களும் காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, 'செய்' என்பதற்கு முன்னால் 'காட்டு' என்கிறார்கள்.