ரேடியோ ரூமில் ஒரு குட்டித் தூக்கம்

சாயங்காலமானால் எங்கள் நகராட்சிப் பூங்காவில் ரேடியோ பாடும். கடலை கொறித்துக்கொண்டு புல்தரையில் ஊரே உட்கார்ந்திருக்கும். அந்த ரேடியோ இருந்த ஓட்டுக் கட்டடத்தைத்தான் சேர்மன் தணிகைவேல் இடிக்கச் சொன்னார். சுற்றுச்சூழலுக்கு உகந்த பார்வையாளர் மையம் கட்டப்போகிறாராம்.

“நல்லாத்தானே இருக்கு, எதுக்கு ஐயா இடிக்கணும்?” என்று கேட்டாள் செடிகளுக்குத் தண்ணீர் விடும் பொம்மக்கா.

“நான் கட்டப்போறதுக்கு ஃபேனே வேண்டாம், தெரியுமா? உச்சிவெயில்ல ஃபேன் இல்லாம மனுஷன் உட்கார்ற இடம் ஒண்ணு இந்த ஊர்ல காட்டு. இடிக்கிறதை நானே நிறுத்தறேன்!” என்று எல்லார் முன்னாலும் சவால் விட்டார் சேர்மன்.

இடிக்கிற அன்று புல்டோசர் வரத் தாமதம். சித்திரை உச்சிவெயிலில் சேர்மனின் சட்டை தொப்பலாக நனைந்தது.

“வண்டி வர்ற வரைக்கும் உள்ளே உட்காருங்க ஐயா” என்று ரேடியோ ரூமில் நாற்காலி போட்டு மோர் கொடுத்தாள் பொம்மக்கா. உயரமான கூரை, கனமான சுண்ணாம்புச் சுவர், எதிரெதிரே சன்னல்கள். சற்று நேரத்தில் குறட்டைச் சத்தம் வாசல்வரை கேட்டது.

புல்டோசர் வந்ததும் பொம்மக்கா டிரைவரிடம், “ஹாரனை நல்லா அடி தம்பி” என்றாள்.

சேர்மன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார். “நிறுத்துடா! உள்ளே நான் இருக்கேன்!”

“ஐயா சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டாங்க. வண்டியைத் திருப்பு” என்றாள் பொம்மக்கா.

வேடிக்கை பார்க்க வந்திருந்த கூட்டம் சிரித்தது. சேர்மன் திரும்பி உள்ளே அண்ணாந்து பார்த்தார். ஃபேன் இல்லை.

இன்று அதுதான் பார்வையாளர் மையம். சேர்மனும் இல்லை, ரேடியோவும் இல்லை. மதியம் உள்ளே போய் உட்கார்ந்தால் எனக்கும் கண் சொக்குகிறது.