சும்மாதான்

மலையடிவாரத்தில் இருந்த ஒரு சிறிய மடத்தில் வேதவல்லி அம்மாள் குருவாக இருந்தார். அவரைவிட வயதில் மூத்த சீடர்கள்தான் அங்கே அதிகம். பாத்திரக்கடையில் வேலை பார்த்த பொன்னுரங்கமும் அப்படி ஒருவர். கடைக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் வருவார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது குரு புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க. முகம் ஏன் இப்படி இருக்கு?”

“ஒண்ணுமில்ல அம்மா. சும்மாதான்.”

“சரி” என்று குரு அடுத்த காயை எடுத்தார்.

பொன்னுரங்கம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். தாளவில்லை.

“மனுஷனுக்கு மனுஷன் இரக்கம் வேண்டாமா அம்மா?”

“யாருக்கு யார் மேல?”

“எங்க முதலாளிக்கு என் மேல. என் வீட்டுக்காரிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனது அவருக்குத் தெரியும். ஹார்லிக்ஸ் பாட்டிலோட ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தாரு. தினமும் காலையில ஒருத்தர் அவகூட உட்கார்ந்து பேச வைக்கணும். மத்தியானம் ஆனா அசந்துடுவா. இப்ப விட்டா அப்புறம் பேச்சு வரவே வராதுங்குறாங்க. மகளுக்குக் காலையில சத்துணவுக் கூடத்துல வேலை. ‘நீ மத்தியானத்துக்கு மேல வந்தாப் போதும்’னு ஒரு வார்த்தை சொன்னா அந்த ஆளுக்கு என்ன குறைஞ்சிடும்? கல்யாணத்துக்கு முந்தியிலேருந்து அந்தக் கடையில உழைக்கிறேன்.”

“நீங்க கேட்டீங்களா?”

“கல்லாப்பெட்டி பக்கத்துல போய் நின்னேன்.”

“நின்னு?”

“தலையைச் சொறிஞ்சேன். ‘என்ன பொன்னுரங்கம்’னாரு.”

“என்ன சொன்னீங்க?”

பொன்னுரங்கம் புடலங்காயைப் பார்த்தபடி சொன்னார்: “சும்மாதான்னு சொன்னேன். தலையைச் சொறிஞ்சா விஷயம் இருக்குன்னு தெரிய வேண்டாமா? அன்னையிலேருந்து அவர் முகத்தைப் பார்த்து நான் பேசுறதில்ல.”

குரு சிரிக்கவில்லை. நறுக்கிய காயை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மதியப் பந்தியில் குருவே பரிமாறினார். ரசத்துக்குச் சோறு வந்தபோது பொன்னுரங்கம் இலைமேல் கையைக் காட்டி, “போதும் அம்மா” என்றார். குரு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார். திரும்பி வரவேயில்லை. பொன்னுரங்கம் இலையில் மிச்சமிருந்த கூட்டை விரலால் வழித்துத் தின்றார். இங்கேயும் இப்படித்தானா என்று அவருக்குச் சுருக்கென்றது.

கை கழுவும் இடத்தில் குரு கேட்டார்: “வயிறு நிறைஞ்சுதா?”

“எங்கேம்மா நிறைஞ்சுது?”

“போதும்னீங்களே.”

“அது ஒரு பேச்சுக்குச் சொல்றது. எங்க பக்கம் போதும்னு சொன்னா இன்னும் ரெண்டு கரண்டி போடுவாங்க.”

“நான் உங்க வார்த்தையை நம்பிட்டேன்” என்றார் குரு. “உங்க முதலாளியும் நம்பியிருப்பாரு, பாவம்.”

அடுத்த வெள்ளிக்கிழமை பொன்னுரங்கம் ஒரு பெரிய அன்னக்கரண்டியோடு வந்தார். எவர்சில்வர் பளபளத்தது.

“முதலாளி மடத்துக்குக் கொடுக்கச் சொன்னாரு அம்மா.”

“கேட்டுட்டீங்களா?”

“கேட்டேன். கை தன்னால தலைக்குப் போச்சு. கீழே இறக்கிட்டு எல்லாத்தையும் சொன்னேன். ‘ஏன்யா, இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தே? என்னன்னு கேட்டா சும்மாங்குறே. நீ வேற கடைக்குப் போகப் போறியோன்னு பயந்துட்டேன். நீயா வாயைத் திறப்பேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்’னாரு. இனிமே மத்தியானம் போய், கடை அடைக்கிற வரைக்கும் இருந்தாப் போதும். சம்பளத்துல கொஞ்சம் பிடிப்பாரு. அது நியாயம்தான்.” கரண்டியைக் குருவிடம் நீட்டினார். “அவர் நல்லா இருக்கணும். நீங்களும் நல்லா இருக்கணும் அம்மா.”

அன்று பந்தியில் அவர் “எனக்கு இன்னும் சோறு வேணும்” என்று சொன்ன சத்தத்தில் பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்த்தார். குரு புதுக் கரண்டியால் இரண்டு முறை அள்ளிப் போட்டார்.

சாப்பிட்டு எழுந்தபிறகும் பொன்னுரங்கம் கிளம்பவில்லை.

“இருந்தாலும் ஒண்ணு மனசுல கிடக்கு அம்மா.”

“சொல்லுங்க.”

“கேட்டப்புறம்தானே கொடுத்தாரு? கேட்காமலே கொடுத்திருந்தா அவர் பெரிய மனுஷன்.”

குரு புதுக் கரண்டியைத் துடைத்து வைத்தார். “வீட்ல எப்படி இருக்காங்க?” என்று கேட்டார்.

பொன்னுரங்கத்தின் முகம் மலர்ந்தது.

“இத்தனை நாளா அவ கண்ணு சொம்புப் பக்கம் போனாலே தண்ணியைக் கொடுத்துடுவோம். அது தப்பாம். அவளா ‘தண்ணி’ன்னு சொல்ற வரைக்கும் கொடுக்காதீங்கன்னு பேச்சுப் பயிற்சி கொடுக்குற பொண்ணு சொல்லிடுச்சு. நேத்து காலையில நான் சொம்பைக் கையில வச்சுக்கிட்டு எதிர்ல உட்கார்ந்திருந்தேன். அவ என்னை முறைக்கிறா. அழுறா. சொல்லிடு தாயி, ஒரே ஒரு தடவை சொல்லிடுன்னு காத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில உதடு கோணிக்கிட்டு, ‘தண்... ணி’ன்னா அம்மா. தெளிவா விழுந்துச்சு.”

அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கொடுத்தீங்களா?” என்று கேட்டார் குரு.

“பின்னே? ரெண்டு கையாலயும் ஏந்திக் கொடுத்தேன்.”

“கேட்டப்புறம்தானே கொடுத்தீங்க?” என்றார் குரு.