கரையான் கேட்காத கூலி

அடர்ந்த காடொன்றில் ஓர் ஓடை. அதன் கரையில் ஒரு கிழங்குத் தோட்டம். தோட்டத்துக்குச் சொந்தக்காரன் வேலாண்டி என்னும் முள்ளம்பன்றி. உழைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, பிள்ளைகளே. கொடுப்பதற்கு மட்டும் அவனுக்குக் கை வராது.

தோட்டத்து ஓரத்தில் ஒரு புங்கமரம் நின்றது. அதன் வேரடியில்தான் வேலாண்டியின் வளை. அவன் மனைவி நச்சியும் இரண்டு குட்டிகளும் பகலெல்லாம் அதற்குள்தான் உறங்குவார்கள். அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே வேர்கள் பின்னிக் கிடக்கும். குட்டிகள் அந்த வேர்களைக் கடித்துத்தான் பல் பழகின.

மரத்து நிழல் விழுந்த பக்கத்தில் மட்டும் கிழங்கு எலிவால் பருமனைத் தாண்டவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் வேலாண்டிக்கு வயிறு எரிந்தது.

"பாதித் தோட்டத்தை இந்த மரமே தின்னுட்டு நிக்குது. இதை ஒழிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றான்.

"நிழல்தானே, விட்டுடுங்க. இருக்குற கிழங்கே நமக்குத் தின்னு தீரல" என்றாள் நச்சி.

அவன் கேட்டால்தானே! நேரே கொம்பன் யானையைப் போய் அழைத்து வந்தான்.

யானை மரத்தைச் சுற்றிப் பார்த்தது. வளை வாசலில் காதை வைத்துக் கேட்டது. உள்ளே குட்டிகள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன.

"அடிமரத்தை நான் தொட மாட்டேன், தம்பி. வேர் பேர்ந்தா உன் வீடும் சேர்ந்து போயிடும். இந்தப் பக்கத்துக் கிளைகளை மட்டும் கழிச்சுத் தர்றேன், வெயில் விழும். ஒரு பாத்திக் கிழங்கு கொடு, போதும்."

"கிளை கழிக்க ஒரு பாத்திக் கிழங்கா? நல்லாயிருக்கே நியாயம்! நீங்க போயிட்டு வாங்கண்ணே."

யானை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

வேலாண்டி யோசித்தான். தள்ளினால்தானே வேர் பேரும்? தள்ளாமலே மரத்தை ஒழித்துவிட்டால்? உடனே புற்றுக்குப் போய்க் கரையான்களைக் கூப்பிட்டான். சொன்ன சொல் தவறாத கூட்டம் அது. அவற்றின் தலைவர் வெளியே வந்தார்.

"கூலி என்ன கேக்குறீங்க?" அவன் வாயில் முதலில் வந்ததே அதுதான்.

"கூலியா? மரத்தைத் தின்னுறதுதான் எங்களுக்குக் கூலி. ஆனா பச்சை மரம் எங்களுக்கு ஆகாது. நீங்க சுத்திவரப் பட்டையை உரிச்சு விடுங்க, காஞ்சதும் வர்றோம். எவ்வளவு தின்னணும்னு மட்டும் சொல்லிடுங்க. அதுக்கு மேல தொட மாட்டோம்."

ஓசியில் வேலை! வேலாண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

"முழுசையும் தின்னுங்க. ஒரு துரும்பு மிச்சம் வைக்கக் கூடாது, ஆமா!"

அன்றைக்கே மரத்தைச் சுற்றிப் பட்டையைக் கடித்து உரித்தான். நச்சி பதறினாள்.

"யானையண்ணன் சொன்னதை மறந்துட்டீங்களா?"

"அவரு தள்ளினாத்தான் ஆபத்து. இதுங்க அசைக்கக்கூட அசைக்காது. சத்தமே இருக்காது, குட்டிங்க நிம்மதியாத் தூங்கும்."

அவன் சொன்னபடியே சத்தம் இல்லைதான். மரம் பட்டுப்போனது. கரையான்கள் மண் பூசிக்கொண்டு ஏறின. கிளை போனது, பிறகு அடிமரமும் பொடியாக உதிர்ந்தது. தோட்டம் முழுக்க வெயில் விழுந்தது, கிழங்கும் பருத்தது.

"செலவே இல்லாம மரத்தை ஒழிச்சவன் இந்தக் காட்டுல நான் ஒருத்தன்தான்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டான் வேலாண்டி.

மேலே தின்ன ஒன்றும் இல்லாமல் போனதும் கரையான்கள் கீழே இறங்கின.

"அப்பா, தலையில மண்ணு விழுது" என்றது சின்னக் குட்டி.

"கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கு" என்றான் வேலாண்டி.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு மாலை, மழை சற்று விட்டதும் வேலாண்டியும் நச்சியும் கிழங்கு தோண்டப் போனார்கள். நிழல் கிடந்த இடத்தில் ஒரு கிழங்கு அகப்பட்டது. இருவரும் சேர்ந்து இழுத்தால்தான் வந்தது, அவ்வளவு பெரிது.

"பார்த்தியா நச்சி, பார்த்தியா!" என்று துள்ளினான்.

பின்னால் தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார்கள். வளை வாசல் இருந்த இடத்தில் வெறும் சேறு கிடந்தது.

இருவரும் ஓடிப்போய் நகம் பிய்ந்து ரத்தம் வரும்வரை தோண்டினார்கள். பிடித்துக்கொள்ள ஒரு வேர்கூட அகப்படவில்லை. எல்லாம் மாவாகக் கையோடு வந்தது. கடைசியில் குட்டிகள் கிடைத்தன. கண்ணை மூடியபடி ஒன்றை ஒன்று ஒட்டிக் கிடந்தன. எப்படிச் சொல்வேன் பிள்ளைகளே, இரண்டிலும் மூச்சு இல்லை.

வேலாண்டி புற்றுக்கு ஓடி அலறினான்.

"பாவிங்களா! என் வீட்டுக் கூரையைத் தின்னுட்டீங்களே!"

கரையான் தலைவர் எட்டிப் பார்த்தார். "கூரைன்னு நீங்க சொல்லலையே. ஒரு துரும்பு மிச்சம் வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. நாங்க வைக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வேலாண்டி தள்ளாடித் திரும்பி வந்தான். நச்சி குட்டிகளை மடியில் போட்டுக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். பக்கத்தில் கிடந்த பெரிய கிழங்கை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

"தின்னுங்க" என்றாள். "செலவே இல்லாம வந்ததுதானே."

நீதி: மரத்தை வீழ்த்த என்ன செலவு என்று கேட்கும் முன், அது எதைத் தாங்கி நிற்கிறது என்று பார்.