குழந்தைகளுக்கு எட்டாத இடம்

செண்பகா நகரில் படிக்காத ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. வடை கட்டி வந்த காகிதத்தைக்கூட முழுசாகப் படித்துவிட்டுத்தான் கசக்கிப் போடுவார்கள். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்!

அங்கே நலச் சங்கத் தலைவர் நாச்சியப்பன். ஒருநாள் பேரூராட்சி நோட்டீஸ் ஒன்று வந்தது. வீட்டிலிருக்கிற அபாயக் கழிவுகளைக் குப்பையில் போடாதீர்கள், ஞாயிறு காலை பத்து மணிக்குத் தனி வண்டி வரும், அதை விட்டால் இன்னும் ஆறு மாசம் ஆகும் என்று போட்டிருந்தது. மனுஷன் அன்றைக்கே வீடு வீடாகப் போய், செத்த பேட்டரி, பழைய டியூப்லைட், காலாவதியான மாத்திரை, எலி மருந்து, பாதி காய்ந்த பெயிண்ட் டப்பா என்று வாரிக்கொண்டு வந்து தன் வீட்டு ஹாலில் குவித்துவிட்டார். நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"இந்தக் கருமமெல்லாம் ஒழிஞ்சப்புறம் சொல்லுங்க, வர்றேன். இல்லேன்னா எங்க அக்கா வீட்டோடயே இருந்துக்கிறேன்" என்று மனைவி கோமளவல்லி கரூருக்கு பஸ் ஏறிவிட்டார். நாச்சியப்பனுக்கோ சுடுதண்ணீர் வைக்கக்கூடத் தெரியாது. நாலு நாளாக மூன்று வேளையும் பிஸ்கட்தான். எப்படியாவது ஞாயிற்றுக்கிழமை வண்டியில் எல்லாம் போய், கோமளவல்லி வீடு திரும்பினால் போதும் என்று ஏங்கிப்போனார்.

ஆனால் நோட்டீஸில் இரண்டாம் விதி இருந்தது: 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.' அதற்கென்று அவசரக் கூட்டம் போட்டார்கள்.

"எந்தக் குழந்தைக்கு எட்டக் கூடாது?" என்றார் செயலாளர் இருதயராஜ்.

"நம்ம நகர்லயே உயரமான குழந்தைக்கு எட்டலைன்னா வேற எதுக்கும் எட்டாது" என்றார் துணைச் செயலாளர் பிச்சுமணி. "அப்படிப் பார்த்தா தேவசகாயம் சார் மகன். ஆறடி ரெண்டங்குலம்."

"அவன் மீசை வச்சிருக்கானேய்யா!" என்றார் நாச்சியப்பன்.

"பதினெட்டு முடிய இன்னும் மூணு மாசம் இருக்கு தலைவரே. சட்டப்படி குழந்தை."

அந்த மீசை வைத்த குழந்தையைக் கூட்டிவந்து, கையைத் தூக்கி எம்பிக் குதிக்கச் சொல்லி அளந்தார்கள். பத்தடி வந்தது. ஆகவே நாச்சியப்பன் வீட்டு மொட்டைமாடியில், பன்னிரண்டடி உயரத்தில் நிற்கிற தண்ணீர்த் தொட்டியின் தலைமேல் அத்தனையையும் ஏற்றினார்கள். 'ஒன்றோடொன்று கலக்க வேண்டாம்' என்றும் இருந்ததால் நாற்பத்தேழு பேட்டரிக்கு நாற்பத்தேழு பை. எவ்வளவு பொறுப்பு பாருங்கள்!

ஞாயிறு காலை நாச்சியப்பன் ஏணி வைத்துத் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்தார். அவர் எடுத்துக் கொடுக்க, இருதயராஜும் பிச்சுமணியும் ஏணியில் நின்று வாங்கி இறக்குவதாக ஏற்பாடு. கோமளவல்லியும் பதினோரு மணி பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

டாணென்று பத்து மணிக்கு வண்டி வந்தது. கூட வந்த அந்தோணியம்மாள் வாசலில் நின்று குரல் கொடுத்தார்: "பெயிண்ட் பட்ட சாமான் இருந்தாலும் கொண்டாங்க!"

பிச்சுமணி தலையில் அடித்துக்கொண்டார். "ஐயையோ, ஏணி! படிக்குப் படி பெயிண்டாச்சே!"

இரண்டு பேரும் மாடிக்கு ஓடி, ஏணியை உருவிக்கொண்டு கீழே வந்து ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு ரசீதும் வாங்கினார்கள்.

"சரி, மத்ததெல்லாம் எங்கே?" என்றார் அந்தோணியம்மாள்.

"தொட்டி மேல. தலைவரும் அங்கதான் இருக்கார்."

"அப்ப இறக்குங்க."

"எப்படிம்மா இறக்குறது? ஏணி உங்க வண்டியில இல்ல இருக்கு!"

அந்தோணியம்மாள் நல்ல மனுஷி. "அட கடவுளே! இந்தாங்க, ஏணியை எடுத்துட்டுப் போங்க" என்றார்.

இருதயராஜ் முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா பேசுறீங்க? பத்தாவது விதி, 'ஒப்படைத்த பொருளை எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறக் கூடாது.' நீங்களே விதியை மீறலாமா?"

"ஐயா, மேல ஒரு மனுஷன் மாட்டிக்கிட்டு இருக்காரு!"

"அவரையே கேளுங்க!"

தொட்டிமேலிருந்து நாச்சியப்பன் எட்டிப் பார்த்தார். வயிறு பசியில் கூவியது. "விதின்னா விதிதாம்மா. நீங்க கிளம்புங்க" என்றார்.

வண்டி போய்விட்டது. பதினோரு மணிக்குக் கோமளவல்லி வந்தார். ஹால் பளிச்சென்று இருந்ததைப் பார்த்ததும் அவருக்கு மனசு இளகிவிட்டது. விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்தவர், பேசிப் பிரயோஜனமில்லை என்று எதிர்வீட்டில் ஓர் ஏணியை இரவல் வாங்கி மாடிக்குக் கொண்டுவந்து தொட்டியில் சாய்த்தார்.

"இறங்கி வாங்க. அக்கா கத்திரிக்காய்க் குழம்பு கொடுத்தனுப்பியிருக்கா, சூடா சோறு வடிக்கிறேன்."

குழம்பு என்ற வார்த்தையைக் கேட்டு நாச்சியப்பனுக்குக் கண் கலங்கியது. ஏணியில் ஒரு காலை வைத்தார். அப்படியே நின்றார். குனிந்து பார்த்தார். மேல்படியில் நீலப் பெயிண்ட், கட்டைவிரல் அகலத்துக்கு.

"இருதயராஜ்! இதுலயும் பெயிண்ட் பட்டிருக்குய்யா!"

"ஐயோ, வண்டி போயிடுச்சே தலைவரே! இனி ஆறு மாசம் இதை எங்க வைக்கிறது?"

"கவலைப்படாதீங்க" என்று காலைத் திரும்ப எடுத்துக்கொண்ட நாச்சியப்பன், மூச்சைப் பிடித்து அந்த ஏணியைத் தொட்டிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதன்மேலேயே உட்கார்ந்து சொன்னார்:

"கோமு, நீ பயப்படாதே. இனிமே எந்தக் குழந்தைக்கும் எட்டாது!"