ஏழு வீட்டு மொழி

இமயத்துக் கணவாய் ஒன்றின் அடியில் இருந்த மடாலயத்தில் நோர்தென் பதினாறு வருடமாகச் சீடன். சுவடிகள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். குருவுக்கு நெருக்கமானவன் தான் ஒருவனே என்று நம்பியிருந்தான்.

அப்போதுதான் சிம்ரூ வந்து சேர்ந்தான். அறுபது வயது, ஆடு மேய்த்தவன், எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் குரு பிறந்த ஊர்க்காரன். அந்த ஊரின் மொழியை வேறெங்கும் பேசுவதில்லை. அங்கேயும் இப்போது ஏழு வீடுகளில்தான் அது மிச்சமிருந்தது.

அன்றிலிருந்து மாலைத் தேநீருக்குக் குரு சிம்ரூவையே அழைத்தார். வாசலில் நின்ற நோர்தெனுக்கு உள்ளே குரு வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. தன்னோடு அவர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

கடைசியில் கேட்டுவிட்டான்.

“குருவே, அவனுக்கு என்ன உபதேசம் செய்கிறீர்கள்?”

“உபதேசமா? சும்மா பேசிக்கொண்டிருக்கிறோம்.”

“எனக்குச் சொல்லாத எதையோ அவனுக்குச் சொல்கிறீர்கள்.”

“வந்து உட்கார்ந்து கேளேன்.”

“புரிந்தால்தானே!”



வாரச் சந்தைக்கு அந்த ஊரிலிருந்து துக்மோ என்ற பெண் கம்பளி விற்க வருவாள். நோர்தென் அவளிடம் போய் மொழியைக் கற்றுத்தரச் சொன்னான்.

“எங்கள் பிள்ளைகளே இதைப் பேச வெட்கப்படுகிறார்கள். உங்களுக்கு எதற்கு?”

“எனக்கு ஒருவனைப் பிடிக்கவில்லை. அதற்காக.”

துக்மோ சிரித்துவிட்டாள். ஆனால் கற்றுக்கொடுத்தாள். ஒன்றரை வருடம் அவன் ஒரு சந்தையையும் தவறவிடவில்லை.

பிறகு ஒரு மாலை வாசலில் நின்று கேட்டான். ஒரு சொல்லும் தப்பவில்லை. உருளைக்கிழங்கு அழுகிப்போனதைப் பேசினார்கள். சினை ஆட்டைப் பேசினார்கள். குருவின் முழங்கால் வலியைப் பேசினார்கள். அவ்வளவுதான்.

நோர்தென் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஆத்திரத்தில் வாயில் வந்தது அந்த மொழிதான்.

“ஓய் கிழவரே! இந்தக் கிழங்குக் கதைக்காகவா நான் வாசலில் நின்று வெந்தேன்? இத்தனை வருடம் உம் காலடியில் கிடந்தேனே, முழங்கால் வலிக்கிறது என்று என்னிடம் ஒருநாளாவது சொன்னீரா?”

சிம்ரூ பதறி எழுந்தான். சொன்னது என்னவென்று அப்போதுதான் உறைத்து, நோர்தென் குருவின் காலில் விழப்போனான்.

குரு அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“விழாதே. இந்த மொழியில் என்னோடு ஒருவர் சண்டை போட்டு நாற்பது வருடமாயிற்று. சிம்ரூகூடக் கைகூப்பிக்கொண்டுதான் பேசுகிறான். இப்படி உட்கார். மிச்சத்தையும் திட்டு.”