நீள்வாலனின் பத்து மரங்கள்

ஆற்றங்கரைக் காட்டில் நீள்வாலன் என்றொரு குரங்கு இருந்தது. அதற்குப் பத்து உயர்ந்த மரங்கள் சொந்தம். ஒவ்வொரு மர உச்சியிலும் தன் கூட்டத்துக் குரங்கு ஒன்றை உட்கார வைத்திருந்தது. புலி நடமாட்டம் தெரிந்தால் பத்துப் பேரும் கத்துவார்கள். கீழே மேயும் மான்கள் தப்பி ஓடும்.

"நீள்வாலண்ணே சொன்னா சரியாத்தான் இருக்கும்!" என்று காடே பேசியது. கேட்கக் கேட்க நீள்வாலனுக்குத் தலைகால் புரியவில்லை. காடே தன் வாயால்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டது.

அந்தச் சமயம் காட்டை ஆண்ட கிழட்டு யானை இறந்துபோனது. வரியன் என்ற புலி நீள்வாலனைத் தேடி வந்தது.

"அண்ணே, என்னை ராஜாவாக்குங்க! உங்களை என் பக்கத்துலயே உட்கார வைக்கிறேன்!"

நீள்வாலனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கவலைப்படாதே தம்பி! ஏழே நாள்ல முடிச்சுக் காட்டுறேன்!"

ஏழு நாளும் புலி வருகிறது என்று யாரும் கத்தவில்லை. பத்து மரங்களும் ஒரே பாட்டுத்தான் பாடின. "வரியன் சாது! கீரைதான் சாப்பிடுறார்!"

ஐந்தாம் நாள், செம்பி என்ற மானின் அக்காவைக் காணவில்லை. செம்பி அழுதுகொண்டே வந்து கேட்டது. வரியன் அவளைத் தின்றதை நீள்வாலன் உச்சியிலிருந்து பார்த்திருந்தது. ஆனாலும் கூசாமல், "உறவுக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கா, வந்துடுவா!" என்றது.

எட்டாம் நாள் வரியன் ராஜாவானது. ஒன்பதாம் நாள் நீள்வாலனைக் கூப்பிட்டது.

"இனிமே நான் கிளம்பினா யாரும் கத்தக் கூடாது!"

"அது ஏழு நாளைக்குத்தானே தம்பி!"

"மகாராஜான்னு சொல்லு! ஏழு நாள் மூடத் தெரிஞ்ச வாய்க்கு எப்பவும் மூடத் தெரியாதா?"

நீள்வாலனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் புலி கிளம்பியதும் தானே உச்சியில் ஏறிக் கத்தியது. கூட ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதன் ஆட்கள் பத்துப் பேரும் காலையிலேயே ராஜா பக்கம் சாய்ந்திருந்தார்கள். மாலைக்குள் மரங்கள் பறிபோயின. நீள்வாலன் ஆற்றில் குதித்து, அக்கரைக்குத் தப்பி ஓடியது.

அங்கே இருந்தது ஒரே ஒரு புதர். அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, வெயில் காயும் முதலையிடம் தினமும் பெருமையடித்தது.

"அந்த வரியனை ராஜாவாக்கினதே நான்தான், தெரியுமா?"

முதலை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "அப்படின்னா உன்னை இங்கே துரத்தினதும் நீதான்!"

ஒரு நாள் காலை, எதிர்க்கரையில் செம்பி தன் குட்டியோடு தண்ணீர் குடிக்க வந்தது. பின்னால் நாணலுக்குள் வரியன் பதுங்கிப் பதுங்கி வந்தது. பத்து மரங்களும், "எல்லாரும் சுகம்!" என்றன.

"செம்பி, ஓடு! புலி!" என்று நீள்வாலன் தொண்டை கிழியக் கத்தியது.

செம்பி தலையைத் தூக்கியது. அக்கா இன்னும் வந்தபாடில்லை. இந்தக் குரங்கின் பேச்சை இனி கேட்பதில்லை என்று அது எப்போதோ முடிவுகட்டிவிட்டது. "கீரை தின்னுற புலிதானே? போ, போ!" என்று மறுபடி குனிந்தது. குட்டியும் குனிந்தது.

நீள்வாலன் புதரின் நுனிக்குத் தாவியது. சொல்லக் கூசிய ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"செம்பி! உன் அக்கா எங்கேயும் போகலை! வரியன்தான் தின்னான்! கண்ணால பார்த்துட்டுத்தான் உன்கிட்ட பொய் சொன்னேன்!"

செம்பியின் காதுகள் விறைத்தன. மறுநொடி, குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. வரியனின் நகத்தில் சேறுதான் ஒட்டியது.

முதலை இரண்டு கண்ணையும் திறந்தது. "இன்னைக்குத்தான்டா உன் குரல் ஆத்தைத் தாண்டியிருக்கு!"

பொய் சொன்ன வாயை ஊர் மறுபடி நம்ப வேண்டுமென்றால், அந்தப் பொய்யை முதலில் அந்த வாயே ஒப்புக்கொள்ள வேண்டும்.