புனல்துறைக் கேலரி

அகில இந்தியப் பெண்கள் கால்பந்துக் கோப்பையில் தோற்றால் வீடு, ஜெயித்தால் அடுத்த ஆட்டம். அந்த வருஷம் பெரிய பெரிய கிளப்புகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புனல்துறை மீனவப் பெண்கள் அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். சீட்டுக் குலுக்கியதில் ஆட்டமும் அவர்கள் ஊருக்கே விழுந்தது.

எதிரணி முதலாளி திவாகரன்தான் போட்டிக் குழுவுக்கும் தலைவர். அவருக்குப் பொறுக்கவில்லை. "ஆயிரம் பேர் உட்காரக் கேலரி வேணும். ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்குள்ள இல்லேன்னா ஆட்டம் எங்க ஊர்ல" என்றார்.

"ஆகட்டும் சார்" என்றாள் கேப்டன் பிரிஸ்கா.

ஞாயிறன்று அவர் வந்து பார்த்தால், மைதானத்தைச் சுற்றி ஊர்ப் படகுகள் அத்தனையும் கரையேறி நிற்கின்றன. படகு கொள்ளாத கூட்டம்!

"இதெல்லாம் கேலரியா? ஆள் விழுந்தா யார் பொறுப்பு?"

"நடுக்கடல்லயே எங்களத் தள்ளிவிடாத படகு, தரையிலயா சார் தள்ளிவிடும்? வெயில் ஏறுது, முதல்ல உட்காருங்க."

பெரிய படகொன்றில் பந்தல், நாற்காலி, இளநீர் எல்லாம் தயார். திவாகரன் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்தார். இளநீரை உறிஞ்சி முடித்துவிட்டு நடுவரைக் கூப்பிட்டார்.

"இங்க கேலரியே கிடையாது. ஆட்டத்தை நிறுத்துங்க."

நடுவர் பிரிஸ்காவைப் பார்த்தார்.

"அப்ப சார் எதுல உட்கார்ந்திருக்காருன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள் அவள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நடுவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு விசிலை ஊதினார்.

கடைசி நிமிடத்தில் பிரிஸ்கா அடித்த ஒரே கோலில் புனல்துறை இறுதியாட்டத்துக்குப் போனது. திவாகரன் தன்னை இறக்கிவிட ஆள் தேடினார். ஒருவரும் இல்லை, ஊரே மைதானத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தது.